அழிந்ததும் அழித்ததும் அழியவிட்டதும்



அழிவைச் சொல்ல ஆங்கில மொழியில் சொற்களுக்குக் குறைவில்லை. 'ரூயின்' என்ற சொல், வேகமாகச் சரிந்து விழுதல் என்ற பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து வந்தது. 'டிகே' என்பதும் கீழே விழுதல் என்ற இலத்தீன் வினையின் வழிவந்ததே. 'டிஸ்ட்ரோய்' என்பதற்கு மூலப்பொருள், அடுக்கிக் கட்டியதைக் குலைத்தல். இவற்றை எமது பிள்ளைகள் பாடசாலையிலேயே அறிந்துகொள்கிறார்கள். இக்கட்டுரையில் நான் எடுத்துக்கொள்வது இவற்றைவிடக் குறைவாகப் புழங்கும் ஒரு சொல். அது 'டிலாப்பிடேஷன்'.

கிரெய்கிபர்ன் போன்ற வளர்ந்துவரும் பகுதிகளில் வாழும் எமக்கு இச்சொல் முற்றிலும் புதியதல்ல. பக்கத்துக் காணியில் ஆழமாக நிலம் வெட்டுவதற்கு முன்னரோ, பெரிய கட்டட வேலை தொடங்கும் முன்னரோ, அயல்வீட்டுச் சுவரில் எந்த இடத்தில் வெடிப்பு உள்ளது, நடைபாதை எங்கே தாழ்ந்துள்ளது என்று படங்களுடன் ஓர் அறிக்கை தயாரிப்பார்கள். அதற்குப் பெயர் டிலாப்பிடேஷன் அறிக்கை. பின்னர் தகராறு வந்தால், எந்த வெடிப்பு முன்பே இருந்தது, எது புதிதாக வந்தது என்று பிரித்தறிய அது உதவும். கடையையோ அலுவலகத்தையோ குத்தகைக்கு எடுத்தவர்களும் குத்தகை முடியும் வேளையில் இச்சொல்லைச் சந்திப்பதுண்டு.

சொல்லின் வேரைப் பார்ப்போம். இலத்தீனில் 'லாபிஸ்' என்றால் கல். முன்னால் சேரும் எழுத்துக்கள் 'வேறு வேறாக, திசைக்கொன்றாக' என்ற பொருள் தருவன. ஆகவே கற்களைச் சிதறடித்தல் என்பதே வேர்ப்பொருள். இதற்கு உருவம் வேண்டுமென்றால் நாம் தூரப் போக வேண்டியதில்லை. கிரெய்கிபர்னிலிருந்து வொலர்ட், எப்பிங் பக்கமாகப் போகும்போது பழைய பண்ணைகளின் ஓரத்தில் சாந்து பூசாமல் கருங்கல்லை அடுக்கிக் கட்டிய மதில்கள் தெரியும். எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான சமவெளி இது. உழுவதற்கு இடையூறாகக் கிடந்த கற்களைப் பொறுக்கி, அவற்றையே வேலியாக்கினார்கள் அக்காலக் குடியேறிகள். பிடித்து வைக்கச் சாந்து இல்லாததால், மேலிருந்து ஒரு கல் விழுந்தால் அதை எடுத்து வைக்க ஆள் வேண்டும். ஆள் இல்லையென்றால் அடுத்த கல்லும் விழும். சில ஆண்டுகளில் மதில் இருந்த இடத்தில் ஒரு கற்குவியல்தான் மிஞ்சும். யாரும் இடிக்கவில்லை, யாரும் எடுத்து வைக்கவுமில்லை.

ஆனால் இலத்தீன்காரர் இச்சொல்லைக் கட்டடத்துக்குப் பயன்படுத்தியதைவிடச் செல்வத்துக்கே பயன்படுத்தினர். முன்னோர் தேடிய பொருளைக் கண்டபடி இறைத்துத் தீர்ப்பவனின் செயலையே அது குறித்தது. ஆங்கிலத்துக்கு வந்தபோதும் 'ஊதாரித்தனமாக வீணாக்குதல்' என்பதே அதன் முந்திய பொருள்களில் ஒன்று. இங்கிலாந்தின் திருச்சபைச் சட்டத்தில் அது தனியான ஒரு குற்றச்சாட்டின் பெயராகவே நிலைத்தது. ஒரு குருவானவருக்குத் தேவாலயத்தைச் சேர்ந்த வீடும் நிலமும் வருமானமும் அவர் பதவியில் இருக்கும்வரை அனுபவிக்கக் கொடுக்கப்படும். அவர் வருமானத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கூரையை ஒழுகவிட்டால், அடுத்து வரும் குரு அதைத் திருத்தும் செலவை முன்னவரிடம், அவர் இறந்திருந்தால் அவருடைய ஆதனத்திடம் கேட்கலாம். இவ்விடயத்தை ஒழுங்குபடுத்த 1871ஆம் ஆண்டில் தனிச் சட்டமே இயற்றினார்கள்.

இதைவிடப் பழையது, நிலத்தை அனுபவிப்பவர் அதைக் கெடுக்கக் கூடாது என்ற ஆங்கிலேயப் பொதுச் சட்டக் கொள்கை. 1267ஆம் ஆண்டின் மார்ல்பரோ சட்டத்திலேயே இதுபற்றிய விதி உண்டு. பிற்காலச் சட்ட நூல்கள் இக்கெடுதலை இரண்டாகப் பிரித்தன. ஒன்று, மரத்தைத் தறித்தல், வீட்டை இடித்தல் போலக் கையால் செய்த கெடுதல். மற்றது, கூரையைத் திருத்தாமல் மழை புகவிடுதல் போலச் செய்யாமல் விட்டதால் வந்த கெடுதல்.

இனி எமது மொழிக்கு வருவோம். ஆங்கிலத்தில் ஒரு கோயிலை 'ரூயின்' என்று சொன்னால், அது யாரால் அப்படியானது என்று தெரியாது. தமிழில் அப்படி ஒளிக்க முடியாது. அழிந்தது, அழித்தது. இடிந்தது, இடித்தது. எரிந்தது, எரித்தது. சிதைந்தது, சிதைத்தது. முதலாவது தன்வினை, இரண்டாவது பிறவினை. இரண்டுக்கும் இடையில் மாறுவது ஓர் எழுத்துத்தான். 'ந்' என்ற மெல்லினம் 'த்' என்ற வல்லினமாகும்போது அங்கே ஓர் ஆள் வந்து நிற்கிறார். இன்னார் செய்தார் என்று சொல்லாமல் வினையை முடிக்க எமது இலக்கணம் இலகுவில் விடுவதில்லை. 'அழிக்கப்பட்டது' என்று செயப்பாட்டு வினையில் எழுதி ஆளை மறைக்கலாம். அறிக்கை எழுதுவோர் அவ்வடிவத்தை விரும்புவதும் அதனால்தான்.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் கதையில் இந்த ஓரெழுத்து மிக முக்கியமானது. 1981ஆம் ஆண்டு மே மாத முடிவிலும் ஜூன் தொடக்கத்திலும் நடந்த வன்செயல்களின்போது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் அங்கே சாம்பலாயின. அது 'எரிந்த' நூலகம் அல்ல. பொலிஸாரும் காடையரும் சேர்ந்து 'எரித்த' நூலகம். அதுபோலவே நல்லூர்க் கந்தசுவாமி கோயில் 1621ஆம் ஆண்டளவில் தானாக இடிந்து விழவில்லை. போர்த்துக்கேயத் தளபதி ஒலிவேராவின் காலத்தில் இடித்தார்கள். அதன் கற்கள் கோட்டை கட்ட எடுத்துச் செல்லப்பட்டன என்று வழிவழியாகச் சொல்வார்கள். கற்களைச் சிதறடித்தல் என்ற வேர்ப்பொருள் அங்கே அப்படியே பொருந்துகிறது. இத்தகைய இடங்களில் வல்லினத்தை மெல்லினமாக்குவது வெறும் எழுத்துப் பிழையன்று. அது நீதிக்குப் பிழை. எமது பிள்ளைகளுக்கு இதைச் சரியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியது எமது கடமை.

ஆயினும் இந்த இரண்டு வடிவங்களோடு கணக்கு முடிந்துவிடுவதில்லை. மூன்றாவது ஒன்று உண்டு. அதற்குத் தமிழில் தனி எழுத்து இல்லை. 'விடு' என்ற துணைவினையைச் சேர்த்து 'அழியவிட்டது' என்று சொல்ல வேண்டியிருக்கிறது. எம்மிடையே அதிகம் பேசப்படாதது இதுதான்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவன் நான். அப்போது எனக்குப் பத்து வயது. அப்பகுதிக் காணிகள் நெடுங்காலம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்து, 2009இல் போர் முடிந்த பின் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. இன்னும் திரும்பக் கிடைக்காத காணிகளும் உண்டு. விடுவிக்கப்பட்ட ஒரு வீட்டைக் கற்பனையில் எடுத்துக்கொள்வோம். அதன் அழிவை மூன்று நிரல்களில் எழுதலாம். ஷெல் விழுந்து கூரை போனதும், கதவு நிலைகளும் ஓடுகளும் கழற்றப்பட்டதும் முதலாவது நிரலில், 'அழித்தது'. உள்ளே போக அனுமதியில்லாத இருபது வருட மாரி மழையும், சுவரைப் பிளந்த ஆலம் வேரும் இரண்டாவது நிரலில், 'அழிந்தது'. இந்த இரண்டாவதின் பொறுப்பிலும் பெரும்பங்கு வாசலை அடைத்தவரையே சேரும். காணி விடுபட்ட பின், மெல்பேணில் ஒருவர், ரொறன்ரோவில் இருவர், இலண்டனில் ஒருவர் என்று உரித்தாளர்கள் பிரிந்திருந்து, யார் செலவழிப்பது, யாருக்கு எத்தனை பரப்பு என்று முடிவெடுக்காமல் கடந்த ஆண்டுகள் மூன்றாவது நிரலில் வருகின்றன. கிணற்றைத் தூர்வாரவில்லை. எல்லைக்கல் நட்டு வேலி அடைக்கவில்லை. உறுதியின் பிரதியைக்கூட எடுத்து வைக்கவில்லை.

சட்டம் இந்த மூன்றாவது நிரலைக் கவனிக்காமல் விடுவதில்லை. இலங்கையில் 1871ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, உரித்தாளரின் உரிமையை ஏற்காமல் பத்து ஆண்டுகள் இடையூறின்றித் தனியார் காணியொன்றை ஆண்டவர் அதற்கு நீதிமன்றில் உரிமை கோரலாம். போரினால் தம் காணியை அணுக முடியாமற் போனோருக்கு 2016ஆம் ஆண்டில் ஒரு சிறப்புச் சட்டம் சலுகை தந்தது. அதுவும் கால எல்லையோடுதான். அதாவது, பாராமல் விட்டதும் ஒரு செயலாகவே எண்ணப்படுகிறது.

கணக்காளர் என்ற முறையில் எனக்கு இந்த மூன்றாவது நிரல் நன்கு பழக்கமானது. ஒரு கட்டடமோ வாகனமோ ஒவ்வோர் ஆண்டும் பெறுமதியில் குறைவதைப் பெறுமானத் தேய்வு என்று செலவில் எழுதுகிறோம். அந்தச் செலவுக்குக் காசு வெளியே போவதில்லை. ஆகவே ஒரு சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் அதைப் பற்றிக் கேள்வி கேட்பவர் குறைவு. இதிலே ஒரு பொறி இருக்கிறது. இந்த ஆண்டு கூரைத் திருத்தத்துக்கு ஒதுக்க வேண்டிய ஐயாயிரம் டொலரை ஒதுக்காமல் விட்டால், இந்த ஆண்டுக் கணக்கில் ஐயாயிரம் டொலர் கூடுதலாக மிச்சம் காட்டலாம். எல்லோரும் கைதட்டுவார்கள். ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? பத்து ஆண்டுகளுக்குப் பின் அந்தக் கூரையை மாற்றப்போகும் பிள்ளைகளிடமிருந்து, அவர்களைக் கேளாமலே வாங்கிய கடன் அது. ஐந்தொகையில் எங்கும் அது கடனாகத் தெரியாது.

இங்குதான் அந்த இலத்தீன் சொல்லின் பழைய பொருள் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. பழுதுபட விடுவதற்கும் ஊதாரித்தனத்துக்கும் அவர்கள் ஏன் ஒரே சொல்லை வைத்தார்கள்? இரண்டும் ஒன்றுதான் என்பதால் என்று எண்ணுகிறேன். அழியவிடுபவர் சோம்பேறியாக மட்டும் இருக்கிறார் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அவர் செலவழித்துக்கொண்டிருக்கிறார். பராமரிக்காமல் மிச்சப்படுத்திய நேரத்தையும் பணத்தையும் அவர் வேறெங்கோ அனுபவித்துவிட்டார். அனுபவித்தது அவருடைய பங்கை அன்று. தனக்குப் பின் வருபவரின் பங்கை. திருச்சபையின் குருவைப் போல, நாமும் எமக்குக் கிடைத்தவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வாழ்நாள் அனுபவம் மட்டுமே உடையவர்கள். கோயிலும் காணியும் மொழியும் அவ்வகையைச் சேர்ந்தவையே.

எமது முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தார்கள் என்பதற்குக் கோயில் மரபே சான்று. கருங்கல்லாலான கோயிலும் தளரும் என்பதை ஆகம மரபு முதலிலேயே ஒப்புக்கொள்கிறது. மூர்த்தியைப் பீடத்தோடு பிணைக்கும் அட்டபந்தன மருந்து காலப்போக்கில் இளகும். ஆகவே பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பாலாலயம் செய்து, திருப்பணி முடித்து, மருந்து சாத்திக் கும்பாபிஷேகம் நடத்துகிறோம். பழுதடைந்த கோயிலைப் புதுப்பிப்பதற்கு வழங்கும் பெயர் ஜீர்ணோத்தாரணம். 'ஜீர்ணம்' என்றால் மூத்துத் தளர்ந்தது. நாம் உண்ட உணவு ஜீரணமாவதும் அதே வேர்தான். 'உத்தாரணம்' என்றால் மேலே தூக்குதல். விழுவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களுக்கு எதிரே, தூக்குவதைக் குறிக்கும் ஒரு சொல்லை எமது மரபு வைத்திருக்கிறது. 'சிதிலம்' என்ற வடசொல்லும் தளர்ந்தது என்ற பொருளையே உடையது. தளர்ந்ததை இறுக்கலாம். எப்போது இறுக்குவது என்பதை எமது மன விருப்பத்துக்கு விடாமல், தவணையையும் முன்கூட்டியே குறித்து வைத்தார்கள். கணக்கியல் மொழியில் சொன்னால், அது மிக நல்ல ஓர் ஏற்பாடு.

இதற்கு மறுப்பாக இரண்டு கேள்விகள் எழலாம்.

முதலாவது: 'தோன்றியதெல்லாம் அழியும், நிலையாமையே உலகியல்பு, இறைவனின் ஐந்தொழிலில் அழித்தலும் ஒன்றல்லவா, இதற்கேன் இவ்வளவு கவலை?' நிலையாமை உண்மைதான். ஆனால் திருவள்ளுவர் நிலையாமை என்ற அதிகாரத்தை எங்கே வைத்தார் என்று பார்க்க வேண்டும். அது துறவறவியலில் உள்ளது. பொறுப்பை ஏற்று நடத்துபவருக்கான பொருட்பாலில் அவர் வைத்தவை பொச்சாவாமையும் மடியின்மையும். மறந்திருக்காதே, சோம்பியிருக்காதே என்பவை அவை. துறந்தவருக்குச் சொன்ன ஆறுதலைப் பொறுப்பில் இருப்பவர் தன் சாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. இறைவனின் சங்காரமும், பிறந்திறந்து களைத்த உயிர்களை இளைப்பாற்றுவதற்காகவே என்று சைவ சித்தாந்தம் விளக்குகிறது. அது அருளின்பாற்பட்டது. அடைபட்ட பீலியைத் துப்புரவாக்காமல் விட்டு, கூரை உக்கியதும் 'சிவன் செயல்' என்று சொன்னால், செய்யாத வேலைக்குச் சிவனைச் சாட்சிக்கு இழுப்பதாகிவிடும்.

இரண்டாவது கேள்வி இதைவிடக் கடினமானது. 'எல்லாவற்றையும் பறிகொடுத்து வந்தவர்களிடம், நீங்கள் பராமரிக்கவில்லை என்று சொல்வது நியாயமா? அழித்தவனை விட்டுவிட்டு அகதியைக் குற்றம் சொல்வதா?' இக்கேள்வியை நான் இலேசாக எடுக்கவில்லை. அழியவிட்டதைப் பற்றிய பேச்சை அழித்தவர்கள் தமக்குச் சாதகமாகப் பிடித்துக்கொள்ளக்கூடும். இதற்குக் கணக்கியலில் ஒரு நல்ல விதி உண்டு. எமக்கு வரவேண்டியதையும் நாம் கொடுக்க வேண்டியதையும் ஒன்றோடொன்று கழித்து, மீதியை மட்டும் காட்டுவது பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை. இரண்டையும் தனித்தனியே முழுத் தொகையாகக் காட்ட வேண்டும். அப்படியே, அழித்தவரிடமிருந்து எமக்கு வரவேண்டிய நீதி முழுத் தொகையாகவே நிற்கட்டும். எமது பராமரிப்பின்மை அதில் ஒரு சதத்தையும் குறைக்காது. அதேவேளை, அவர்கள் செய்த அநியாயம் எமது பிள்ளைகளுக்கு நாம் கொடுக்க வேண்டியதிலும் ஒரு சதத்தையும் குறைக்காது. முதலாவது கணக்கை நாம் மட்டும் தீர்க்க முடியாது. இரண்டாவதைத் தீர்ப்பது பெரும்பாலும் எமது கையிலேயே உள்ளது.

எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அது இயலாது. வேலையும் வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்பும் உள்ள குடும்பம், கடல் கடந்த வீடொன்றை மீண்டும் கட்ட முடியாமல் இருக்கலாம். ஆனால் விட்டுக்கொடுப்பது வேறு, பாராமல் விடுவது வேறு. உரித்தாளர்கள் கூடிப் பேசி, அயலில் காணியில்லாத உறவினருக்கு எழுதிக் கொடுத்தால் அது தானம். நியாய விலைக்கு விற்றுப் பங்கிட்டால் அது முடிவு. எதுவும் செய்யாமல், மூத்தவர்கள் ஒவ்வொருவராகக் காலமாக, உறுதி எங்கே என்று அறிந்தவர் எவருமில்லாமற் போவதுதான் டிலாப்பிடேஷன்.

வீட்டுக்குள்ளேயும் பார்க்கலாம். எம்மில் பலரின் கராஜில் ஒரு பெட்டி இருக்கும். அம்மம்மாவின் கடிதங்கள், பழைய படங்கள், கோயில் மலர்கள், ஒலிநாடாக்கள். 1981இல் போன ஏடுகளை எவராலும் மீட்க முடியாது. இந்தப் பெட்டியை எவரும் எரிக்கவில்லை. பூச்சியும் ஈரமும் அதைச் செய்துகொண்டிருக்கின்றன. 2005ஆம் ஆண்டில் தொடங்கிய 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத் திட்டத்தின் தன்னார்வலர்கள், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இணையத்தில் எவரும் வாசிக்க வைத்திருக்கிறார்கள். எரித்த நூலகத்துக்காகத் துக்கப்படுவதோடு நில்லாமல், எரியாத நூல்களைத் தேடிப்போனார்கள் என்பதே அவர்களின் பெருமை.

ஆகவே ஒரு சிறிய யோசனையை முன்வைக்கிறேன். கட்டட வேலைக்கு முன் எடுக்கும் அறிக்கை போல, ஆண்டுக்கொருமுறை, தைப்பொங்கல் விடுமுறைக் காலத்திலோ நவராத்திரியிலோ, ஒவ்வொரு குடும்பமும் ஒரு தாளில் மூன்று நிரல் போட்டு எழுதிப் பார்க்கலாம். அழித்தது எது, அழிந்தது எது, நாம் அழியவிட்டுக்கொண்டிருப்பது எது. மூன்றாவது நிரலில் இருந்து ஒன்றை மட்டும் எடுத்து அந்த ஆண்டுக்குள் செய்து முடிக்கலாம். சங்கங்களும் தமது ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் 'எவ்வளவு மிச்சம்?' என்ற கேள்வியோடு, 'அந்த மிச்சத்துக்காக எதைத் திருத்தாமல் விட்டோம்?' என்ற கேள்விக்கும் இடம் கொடுக்கலாம்.

இதன் பலனை நாமே காண்போம் என்பதில்லை. போர்த்துக்கேயரால் அழிக்கப்பட்டுக் காடு மூடிக் கிடந்த திருக்கேதீச்சரத்தை மீண்டும் எழுப்ப வேண்டும் என்று ஆறுமுக நாவலர் 1872ஆம் ஆண்டில் வேண்டுகோள் விடுத்தார். 1879இல் அவர் சிவபதம் அடைந்தபோது அங்கே ஒரு கல்லும் எழுந்திருக்கவில்லை. 1890களில் காணி வாங்கப்பட்டது. 1903இல் கும்பாபிஷேகம் நடந்தது. 2022இல் கருங்கற் கோயிலாக மீண்டும் குடமுழுக்குக் கண்டது. அதை அழித்தவர் எவர் என்பதில் நாவலருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அதை அழிந்தபடியே விட்டிருப்பவர் எவர் என்பதையும் அவர் கேட்டார். அக்கேள்வியைத் தம் சொந்தச் சனத்திடமே கேட்டார். கோயில் எழுந்தது அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லச் சிலர் முன்வந்ததால்.

எல்லாம் வல்ல இறைவன் எமக்கும் அந்த மனத்தைத் தந்தருள்வானாக.